பாயசத்தில் மசாலா வாடை

பாத்திரம் வாங்கக் கடைக்குப் போனால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? கனம் பார்க்கிறோம். விலை பார்க்கிறோம். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி ஓசை பார்க்கிறோம். பெயர் வெட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறோம்! ஆனால், "ஏனய்யா, இந்தப் பாத்திரம் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா?" என்று கடைக்காரரைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. சென்ற மாதம் என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் நடந்த சங்கதிக்குப் பிறகுதான் எனக்கே அந்தப் புத்தி வந்தது.

சிநேகிதி மதுரைக்காரி. பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு இல்லாமல் சாப்பாடு கிடையாது. வாழ்க்கைப்பட்டதோ திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில். சென்னையில் தனிக் குடித்தனமாக இருந்தவரையில் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் கணவரும் நாளடைவில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிக்கொண்டு விட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு மாமனார் காலமானார். ஊரில் தனியாக இருந்த மாமியாரைத் தங்களோடு அழைத்து வந்து வைத்துக்கொண்டார்கள்.

மாமியார் நல்ல மனுஷி. "நீங்க சாப்பிடறதை நீங்க சாப்பிடுங்கம்மா. எனக்காக எதையும் விட வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். சிநேகிதியும் சளைத்தவள் அல்ல. சைவத்துக்கென்று தனி வாணலி, தனி அடுக்கு, தனிக் கரண்டி எல்லாம் வாங்கி மேல் தட்டில் அடுக்கினாள். அத்தையின் பாத்திரத்தில் வேலைக்காரி தவறிப்போய்க் கைவைத்தால்கூட இவளுக்குக் கோபம் வந்துவிடும்.

சென்ற மாதம் மாமனாருடைய திதி. விடியற்காலையிலேயே தலை முழுகி, ஒரு குறையும் இல்லாமல் சமைத்திருக்கிறாள். பாசிப்பருப்பைக் குக்கரில் வேகவைத்து, வெல்லம் கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாயசம். படைத்து முடிந்தபின் அத்தைக்கு இலை போட்டாள். அவர் பாயசத்தில் ஒரு வாய் எடுத்தார். அப்படியே கை நின்றுவிட்டது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. "வயிறு மந்தமா இருக்கும்மா. மோருஞ்சோறு போதும்" என்றார். அன்று தொடங்கிய மந்தம் பத்து நாளாகியும் போகவில்லை. பருப்பு வேண்டாம், கூட்டு வேண்டாம், மோரும் சோறும் மட்டும். பதினோராம் நாள், "நான் ஊரோட போயிடறேன்" என்று பிள்ளையிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

"நான் என்னடி குறை வைத்தேன்? இந்த இரண்டு வருஷமாக ஒரு பாத்திரத்தையாவது கலந்திருப்பேனா?" என்று என்னிடம் வந்து அழுதாள் சிநேகிதி.

அவளோடு நானும் அடுப்பங்கரைக்குள் போனேன். சைவப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தன, ஒரு வாடையும் இல்லை. குக்கர் ஒன்றுதான் இரண்டு சமையலுக்கும் பொது. "உள்ளே வைக்கிற பாத்திரம் வேறே வேறேதான்" என்றாள். குக்கரை முகர்ந்தேன், அதுவும் சுத்தம். கடைசியில் மூடியைத் திருப்பி, அதன் ரப்பர் வளையத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டு போனேன். இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு! போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வளையத்துக்குள் குடியிருந்தது. நமக்கே இப்படியென்றால், எழுபது வருஷமாகப் புலால் பக்கமே போகாத மூக்குக்கு எப்படி இருந்திருக்கும்!

இதில் சிநேகிதியின் சுத்தத்துக்கு ஒரு குறைவும் இல்லை. எத்தனை தடவை தேய்த்தாலும் போகாத காரணம் வேறே இருக்கிறது. வாடை என்பது அழுக்கு அல்ல. பூண்டு, வெங்காயம், பெருங்காயம் இவற்றின் காரமான மணத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த சில பொருள்கள். பட்டை, கிராம்பின் மணமோ அவற்றிலுள்ள வாசனைத் தைலம். இவை தண்ணீரில் எளிதில் கரையமாட்டா. எண்ணெயில் நன்றாகக் கரையும். ரப்பர், சிலிக்கன், பிளாஸ்டிக் இவை எல்லாம் எண்ணெய்க்கு ஒரு வகையில் உறவுமுறை. ஆகையால் இந்த மணங்கள் அவற்றின் மேலே ஒட்டிக்கொள்வதோடு நிற்காமல் உள்ளேயே ஊறிவிடுகின்றன. மேலே தேய்த்தால் உள்ளே ஊறியது எப்படிப் போகும்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள்ளே ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் வளையம் இளகி, ஆவியோடு வருகிற மணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த தடவை பருப்பு வைத்தால், அதே சூட்டில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது! ஆறின பிறகு முகர்ந்தால் லேசாகத் தெரியும். சூடேறும்போதுதான் சுயரூபம் வெளிப்படும்.

சந்தேகம் இருந்தால் சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைப் பாருங்கள். நாலு தடவை கழுவினாலும் மஞ்சள் கறை போகிறதா? சாயம் புகுந்துகொள்கிற இடத்தில் வாடை புகாதா என்ன?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வளையம் இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்: பருப்பு, சாதம், பாயசத்துக்கு ஒன்று, மசாலாவுக்கு ஒன்று. குக்கர் அதே குக்கராக இருக்கலாம். வளையம் மட்டும் அந்தந்தக் குக்கருக்கு உரிய அளவாக இருக்கவேண்டும்; ஏறக்குறைய பொருந்துகிறது என்று எதையாவது மாட்டுவது ஆபத்து. கழுவியதும் மூடியிலேயே மாட்டி வைக்காமல் காற்றாடத் தொங்கவிடுங்கள். குக்கரையும் இறுக மூடி வைக்கக் கூடாது. மூடியைக் கவிழ்த்து வையுங்கள். வெயிட் உட்காரும் குழாயையும், வெயிட்டின் உட்புறத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பருப்பு நுரையும் மசாலாவும் அங்கே போய்த்தான் காய்ந்துகொண்டிருக்கும். அது வாடைக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கே ஆபத்து; ஆவி போகும் வழி அடைபடக் கூடாது அல்லவா? மின்சாரக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தும். அவற்றில் பெரும்பாலும் சிலிக்கன் வளையம்தான். வாடை பிடிப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம்.

வாடை பிடிக்காத பாத்திரம் என்றால் முதல் மரியாதை எவர்சில்வருக்குத்தான். 1913-ல் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரேயர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உலோகம் தேடப் போய், துருப்பிடிக்காத எஃகு ஒன்றைச் செய்தார். இரும்போடு குரோமியம் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது சேர்ந்தால்தான் அது எவர்சில்வர். நல்ல சமையல் பாத்திரங்களில் பதினெட்டுப் பங்கு வரை இருக்கும். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய போர்வையாக மேலே படர்ந்துகொள்கிறது. கீறல் விழுந்தாலும் போர்வை தானே மறுபடி மூடிக்கொள்ளும். அதில் துவாரம் இல்லை. எண்ணெய் உள்ளே ஊற வழியும் இல்லை.

அப்படியானால் சில எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும் ஏன் நாறுகின்றன? குற்றம் எவர்சில்வரின் பேரில் இல்லை. செய்த விதத்தில் இருக்கிறது. விளிம்பை உட்புறமாகச் சுருட்டி மடித்த பாத்திரங்களைப் பாருங்கள். அந்த மடிப்புக்குள் எண்ணெயும் தண்ணீரும் போய்த் தங்கிவிடும். விரலும் போகாது, நாரும் போகாது. கைப்பிடியை ஆணி அடித்து முடுக்கியிருந்தால் உள்ளே அந்த ஆணித் தலையைச் சுற்றியும் இதே கதை. மூடியின் பிளாஸ்டிக் குமிழுக்கு அடியில் திருகு இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்தவர்கள் பிறகு ஒரு வேளை சாப்பிடமாட்டார்கள். ஆகையால் எவர்சில்வர் வாங்கும்போது உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று, மூலை முடுக்கு இல்லாமல், விளிம்பு திறந்தாற்போல இருக்கவேண்டும். முரட்டுக் கம்பிச் சுருளால் தினமும் பிறாண்டவும் வேண்டாம். ஆயிரம் கீறல் விழுந்தால் ஆயிரம் கீறலிலும் எண்ணெய்ப் பிசுக்குத் தங்கும்.

கண்ணாடி எவர்சில்வருக்கும் ஒரு படி மேல். பிரிட்ஜில் மிச்சம் மீதி வைக்கக் கண்ணாடியைப் போல ஒன்று இல்லை. அதன் மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் மூடியை முகர்ந்து பாருங்கள். எனாமல் பாத்திரம் என்பதும் இரும்பின் மேல் பூசின கண்ணாடிதான். பூச்சு உதிர்ந்து கறுப்புப் புள்ளி தெரிய ஆரம்பித்தால் அதைச் சமையலிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

மண்சட்டியின் சமாசாரம் நேர் எதிர். அது உறிஞ்சுவதற்கென்றே பிறந்தது. தண்ணீர்ப் பானை கசிந்து வேர்ப்பதனால்தானே தண்ணீர் குளிர்கிறது? அதே நுண்ணிய துவாரங்கள்தான் மீன் குழம்பின் புளியையும் எண்ணெயையும் குடித்து வைத்துக்கொள்கின்றன. மீன் குழம்புக்கு அது குறை அல்ல, குணம். பழகின சட்டியில் வைத்த குழம்புக்குத் தனி ருசி என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. ஆனால், மீன் வைத்த சட்டியை எத்தனை தேய்த்தாலும் அதில் பால் காய்ச்ச முடியாது. மீனுக்கு ஒன்று, புளிக்குழம்புக்கும் கீரைக்கும் ஒன்று, தயிர் தோய்க்க ஒன்று என்று மூன்று சட்டி வைத்துக்கொள்வதே உத்தமம். இன்னொன்று: மண்சட்டிக்குச் சோப்பு ஆகவே ஆகாது. வாடையைக் குடிக்கிற சட்டி சோப்பைக் குடிக்காதா? அடுத்த குழம்பில் சோப்பு மணக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் அரிசி கழுவிய தண்ணீரும் போதும். பிறகு நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் பூசணம் பூத்துவிடும்.

கல்சட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சேலம் பக்கத்து மாக்கல்லைக் குடைந்து செய்கிற இந்தச் சட்டி மண்ணைப் போல அவ்வளவு குடிக்காது. புளி பட்டாலும் மோர் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. புதிதாக வாங்கியதும் சில நாள் சுடுகஞ்சி ஊற்றிப் பழக்கிவிட்டு, பிறகு மெதுவாகச் சூடேற்றினால் தலைமுறைக்கும் வரும். அவசரப்பட்டால் விரிசல்தான்.

வாசனைக்காகவே வாங்குகிற பாத்திரம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது, ஈயச் சொம்பு! அதில் வைத்த ரசத்துக்காக உயிரை விடுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஜாக்கிரதை. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயத்தால் செய்ததாக இருக்கவேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருப்பது. காரீயம் விஷம், அதிலும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். புளிப்பு பட்டால் ரசத்தில் இறங்கும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க இயலாது. சோதனை செய்து சுத்தமென்று நிச்சயமாகத் தெரியாத சொம்பு, பாட்டி கொடுத்ததானாலும், அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயத்துக்கும் இதே எச்சரிக்கைதான். பூச்சு இல்லாத பித்தளையில் புளியும் தயிரும் பட்டால் களிம்பேறி, வாடை மட்டுமல்ல, வாந்தியும் வரும்.

அலுமினியம் விலை மலிவு, சூடும் சீக்கிரம் ஏறும். ஆனால், புளி, தக்காளி, மோர் பட்டால் மெல்ல அரித்து, மேலே சிறுசிறு குழிகள் விழும். குழிக்குள்ளே பிசுக்குச் சேரும். வாடை போகட்டும் என்று சோடா மாவு போட்டுத் தேய்த்தால் கறுத்துப் போய்விடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். இரும்பு வாணலியும் தோசைக்கல்லும் எண்ணெய் குடித்துப் பழகினவை. தினம் புழங்கினால் ஒரு வாடையும் இல்லை. எண்ணெயைத் தடவி ஒரு மாதம் மூலையில் வைத்துவிட்டால் காறல் வாடை அடிக்கும். ஆம்லெட் போடுகிற கல்லும் தோசைக் கல்லும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா? நான்ஸ்டிக் வாணலியின் பூச்சு புதிதாக இருக்கும்வரை வாடையை அண்டவிடாது. கீறல் விழுந்தபின் அந்தப் பெருமை போய்விடும். காலியாக வைத்து மிதமிஞ்சிச் சூடாக்கினால் அந்தப் பூச்சே சிதைந்து கெட்ட புகை விடும்; 260 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு.

மிக்ஸியை விட்டுவிட்டேனே! காலையில் தேங்காய்ச் சட்னியில் பூண்டு வாடை வருகிறதா? ஜாரின் மேல் குறை சொல்லாதீர்கள். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கிறது, அதைக் கழற்றுங்கள். குழந்தையின் டிபன் டப்பா மூடியிலும் அப்படித்தான். "அம்மா, என் தயிர் சாதம் நேற்றைய முட்டைப் பொரியல் மாதிரி இருந்தது" என்று குழந்தை சொன்னால், அது சாப்பிடாமல் திரும்பக் கொண்டுவரும் சாக்கு என்று நினைத்துத் திட்டிவிட வேண்டாம். முதலில் வளையத்தை முகருங்கள்.

ஏற்கெனவே பிடித்துக்கொண்ட வாடையைப் போக்க எல்லாரும் ஒரே மருந்தைச் சொல்லுகிறார்கள்; எலுமிச்சம்பழம். எல்லா வியாதிக்கும் ஒரே சூரணமா? மீன் கவுச்சிக்குக் காரணமான பொருள் காரத் தன்மை உள்ளது. அதற்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் சரியான மருந்து; புளிப்புப் பட்டதும் அது ஆவியாகாத உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடுகிறது. மீன் கழுவிய கையை நம் பெண்கள் புளியால் தேய்த்துக் கழுவுவது சுத்தமான ரசாயனம்! ஆனால், புளித்த மோர், கெட்ட பால், காறின நெய் இவற்றின் வாடைக்குக் காரணம் அமிலம். அதன் மேல் எலுமிச்சையைத் தேய்த்து என்ன பிரயோஜனம்? அங்கே சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி அரை மணி நேரம் வைக்கவேண்டும், அலுமினியம் அல்லாத பாத்திரமாக இருந்தால். முட்டையும் பாலும் பட்ட பாத்திரத்துக்கு எடுத்ததும் வெந்நீர் ஊற்றாதீர்கள், வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். பூண்டு, மசாலா ஊறிய ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெயிலும் காற்றும்தான் கதி. இரண்டு நாள் காய்ந்தால் பாதி வாடை போகும். மஞ்சள் கறையும் வெயிலில் வெளுக்கும். மீதிப் பாதிக்குப் புது வளையம் வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சிநேகிதி அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புது வளையம் வாங்கி வந்தாள். பழையதை எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம் போய், "அத்தை, இதை முகர்ந்து பாருங்கள். அன்றைக்குப் பாயசத்தில் இந்த வாடைதானே?" என்று கேட்டாள். எனக்குப் பகீர் என்றது. கேட்கலாமா இப்படி?

மாமியார் முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு, "இதேதான்" என்றார். "அவங்க திதி அன்னிக்குப் போய் உன்னைக் குறை சொல்லவான்னு இருந்துட்டேம்மா. சொல்லாம வச்சிக்கிட்டும் தொண்டையில இறங்கலை."

"சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு பாயசம் வைத்திருப்பேனே, அத்தை!"

"அதான் தெரியுமே. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தே. மறுபடியும் உன்னை அடுப்புல நிறுத்தறதா?"

பத்து நாள் மோர் சாதத்துக்கும், ஊருக்குப் போகிற பேச்சுக்கும் காரணம் இவ்வளவுதான். மறுநாள் காலை பாசிப்பருப்பைக் குக்கரில் ஏற்றினது மருமகள் அல்ல, மாமியார். புது வளையத்தை அவரே மாட்டினார். முதல் விசில் வந்ததும் ஆவியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாராம். இப்போது அந்த வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் இரண்டு ஆணி அடித்திருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்து ஆணியில் ஞாயிற்றுக்கிழமை வளையம். விளக்கு மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் அத்தையுடையது. அதை அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.